தண்ணீரில் மருந்து கலந்தது யார்?

"என் தண்ணியில யாரோ மருந்து கலக்குறாங்க."

பாலில் விஷம் கலந்துவிட்டதைப் போன்ற நடுக்கத்தோடு தண்ணீர் முதலாளி இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, அறைக்கு வெளியே யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த க்ளெய்ம் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைத் தோண்டியெடுக்கிற வேலையை ரிட்டயர் ஆகும்வரை பார்த்தவர். தீப்பிடித்து எரிந்துபோன கடையின் சரக்கு முழுவதும் கடைக்காரரின் மைத்துனன் வீட்டு மாடியில் பத்திரமாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். இறந்துபோனதாகச் சான்றிதழ் கொடுக்கப்பட்ட ஒருவர் சலூனில் முகச்சவரம் செய்துகொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறார். ரிட்டயர் ஆனபின் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது பழைய வேலையின் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு புகாரை அவர் கேட்டதில்லை.

"மருந்தா?" என்றான் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை. "அப்ப உங்க தண்ணி இப்பத்தான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை என்றால் க்ளெய்ம் அம்மாவின் ஒரே மகளைக் கட்டியவன். விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தான். கம்பெனி படுத்துவிட்டது. மாமியாரிடம் உதவியாளனாக இருப்பவனை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். நாலு பேர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரித்துவிடுவது அவன் பாணி. அந்த அம்மாவும் அவனை அதட்டி வேலை வாங்குவார், ஆனால் ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை. "வாயை மூடுங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார்.

"வாயை மூடுங்க மாப்பிள்ளை" என்றார் இப்போதும். "நீங்க சொல்லுங்க சார். முதல்லேருந்து."

முதலாளி முதலிலிருந்து சொன்னார். அவருடைய முதல், மூன்று மலைகளுக்கு அடியில் தொடங்கியது. அங்கே வெயிலே படாத ஒரு பாறைக்குள் பிறக்கிறது 'ஆதிஊற்று'. அது வெறும் தண்ணீர் இல்லை. உடம்போடு பேசும். ரத்தத்தைச் சமாதானப்படுத்தும். அதற்கு ஞாபகசக்தி உண்டு.

"ஞாபகசக்தியா? அப்ப எந்தக் குழாய்ல வந்தோம்ங்கறதும் அதுக்கு ஞாபகம் இருக்குமே சார்?"

மாப்பிள்ளை கையை நீட்டிய இடத்தில், பாட்டில் நிரப்பும் அறைக் கதவில், ஓர் அறிவிப்பு இன்னும் கிழிக்கப்படாமல் தொங்கியது. 'தெருக்குழாய் பழுது காரணமாக இன்று ஆதிஊற்று கிடைக்காது.'

முதலாளி எழுந்துபோய் அதைக் கிழித்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இந்த ஆளிடம் ஏதோ ஒரு சக்தி இருப்பது உண்மைதான் என்று மாப்பிள்ளைக்கே தோன்றியது.

விஷயம் இதுதான். ஆதிஊற்று நீலக் கண்ணாடிப் பாட்டிலில் வீடுவீடாகப் போகிறது. வாடிக்கையாளர்களில் ராஜா மாதிரி ஒருவர் உண்டு. தூரப்பயண பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். எகிறிக்கொண்டிருந்த அவருடைய ரத்த அழுத்தம், மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டு இந்தத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து சமர்த்தாக இருக்கிறது. கூட்டங்களில் அவரை மேடையேற்றி, எல்லோர் கண் முன்னாலும் மிஷின் வைத்து அளந்து காட்டுகிறார்கள். அவரைப் பார்த்துத்தான் பாதி ஊர் வாடிக்கையாளராகச் சேர்ந்திருக்கிறது.

"அந்த மனுஷன் போன வாரம் இங்க வந்தாரு. ஒரு கப் ஊத்திக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பிட்டாரு! 'இது டூப்ளிகேட். ஒரிஜினல் லேசாக் கசக்கும்'னு கத்துறாரு. பத்துப் பேர் நிக்கிறாங்க!"

"ஒரிஜினல் முதலாளியையே டூப்ளிகேட் ஆக்கிட்டாரு" என்றான் மாப்பிள்ளை.

"வீட்டுலேருந்து பாட்டிலக் கொண்டுவந்து காட்டுனாரு. குடிச்சுப் பாத்தேன். நிஜமாவே கசக்குது. சோதனைக்குக் குடுத்தேன். ரத்த அழுத்தத்துக்குப் போடுற மாத்திரை கலந்திருக்குன்னு சொல்லிட்டாங்க." முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போட்டிக்காரன் எவனோ பண்ற வேலை. தண்ணின்னு விக்குற பாட்டில்ல மருந்து இருக்குன்னு வெளிய தெரிஞ்சா கடைக்குச் சீல் வச்சிருவாங்கம்மா. இன்னிக்குச் சாயங்காலம் விழா. எவன்னு அதுக்குள்ள தெரியணும். சத்தமில்லாம."

"என்ன விழா?"

"விடுதலை விழா. டிரைவர் அண்ணன் பேசுவாரு. கேட்டுட்டு ஜனங்க வரிசையா வந்து அவங்கவங்க மாத்திரையக் கண்ணாடித் தொட்டியில போடுவாங்க. இனிமே மருந்தே வேண்டாம்னு."

மாப்பிள்ளையிடமிருந்து ஏதாவது வரும் என்று க்ளெய்ம் அம்மா காத்திருந்தார். வரவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேஸை எடுத்துக்கிறேன்" என்றார் அவர்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்முன் மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவனுடைய அம்மா. அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, பின்சீட்டில் இருந்த சம்பந்திக்கு நன்றாகவே கேட்டது.

"டேய், சாயங்காலம் வந்துருவல்ல? நான் தொட்டியில மாத்திரை போடும்போது நீ போட்டோ எடுக்கணும். நல்லா எடு. போன தடவ மாதிரி தலைய வெட்டிராத."

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"உன் பேச்சக் கேட்டுக் கேட்டுத்தான் மாத்திரையா முழுங்கிட்டிருக்கேன். டிரைவர் அண்ணனப் பாருடா. கல்லு மாதிரி இருக்காரு!"

போன் அணைந்தது. அந்த அம்மாளுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. மகன் எத்தனை கூப்பிட்டும் கேட்காமல் தனி வீட்டில் இருக்கிறார். போன வருடம் ஊருக்குப் போகும் அவசரத்தில் மாத்திரைகளை மறந்து வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்த கையோடு அடுப்படியில் விழுந்துவிட்டார். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் அம்மாவைத் தூக்கியவன் இதே மாப்பிள்ளைதான். அன்றைக்கு மட்டும் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை என்று மகள் சொல்லி க்ளெய்ம் அம்மாவுக்குத் தெரியும்.

"அத்தை, போட்டிக்காரன் எவன்னு கண்டுபிடிச்சு இவனக் காப்பாத்தப் போறோமா?"

"யாரு கலக்குறாங்கன்னு கண்டுபிடிக்கப் போறோம். யாரு காப்பாத்தப்படுவாங்கங்கறத அப்புறம் பாக்கலாம். முதலாளி குடுத்தனுப்பின விளம்பர நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கான், படிங்க."

விளம்பரத் தாளை மாப்பிள்ளை தொழில்முறைக் கண்ணோடு படித்தான். கொஞ்சம் தெம்பு வந்தது. "கெட்டிக்காரன் எழுதியிருக்கான் அத்தை. 'ரத்த அழுத்தம் குறையும்'னு எங்கேயுமே இல்ல. 'குறைந்ததாகப் பலர் உணர்ந்தார்கள்'னு இருக்கு. உணர்ந்தவன் மேல கேஸ் போட முடியுமா? 'சர்க்கரைக்கு நண்பன்'னு போட்டிருக்கான். யாரோட நண்பன்? சர்க்கரையோட நண்பனாம்! அது உண்மையாவே இருக்கலாம்."

"உங்க தொழில்ல இதுக்கெல்லாம் வெக்கப்பட மாட்டாங்களா?"

"சம்பளம் வர்ற வரைக்கும் மாட்டாங்க அத்தை."

டிரைவர் அண்ணனின் வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. கூடத்தில் நீலப் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. நடுவில் அண்ணன், முதுகு சாயாமல், இரண்டு கையையும் முழங்காலின்மேல் வைத்து, இன்னும் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். சாயங்காலப் பேச்சுக்காக இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியின் முதுகில் தொங்கியது. கம்பெனியிலிருந்து தண்ணீரின் தரத்தைச் சோதிக்க வந்திருப்பதாக க்ளெய்ம் அம்மா சொன்னார். ஒருவகையில் அது பொய்யில்லை.

"தரமா? நல்லா சோதிங்க!" என்றார் அண்ணன். "அந்தக் கடையில டூப்ளிகேட் வச்சிருக்கான். என் நாக்க ஏமாத்த முடியுமா? ஒரிஜினல்னா காலையில மொத வாயில ஒரு கசப்பு இருக்கும். அதுதான் பாறையோட சத்து."

"காலையில மட்டுமா கசக்கும்?"

"காலையில வர்ற பாட்டில்தான் வீரியம். மத்தியானப் பாட்டில் சாதா. ராத்திரி அந்தத் தண்ணி தூங்கி எந்திரிக்குதுல்ல, அதனால."

தண்ணீர் தூங்கி எழுவதை மாப்பிள்ளை கஷ்டப்பட்டு விழுங்கினான். "காலைப் பாட்டில நீங்களே திறப்பீங்களாண்ணே?"

"நான் ஏன் திறக்கணும்? எல்லாம் இவ கொண்டுவந்து குடுப்பா." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டா!"

அண்ணனின் மனைவி வந்தார். மெலிந்த உடம்பு, பேசுவதற்கு முன் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கம். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். க்ளெய்ம் அம்மா குடித்தார். கசக்கவில்லை. தெருக்குழாயின் ஞாபகம் மட்டும் லேசாக இருந்தது.

"மாத்திரைய ஏன்ணே விட்டீங்க?" என்றான் மாப்பிள்ளை. குரலில் கிண்டல் இல்லை. அவனுக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டினவன் தம்பி நான். பின்னாடி அத்தனை பேரும் என்னை நம்பித் தூங்குவான். ஒருநாள் டாக்டர் பிரஷர் மிஷினப் பாத்துட்டு, இனிமே ஸ்டியரிங்கத் தொடாதேன்னுட்டாரு. அன்னையிலேருந்து ஒரு மாத்திரை. மாத்திரை போட்டா நோயாளி. தண்ணி குடிச்சா மனுஷன். அவ்வளவுதான்."

பிறகு சிரித்துக்கொண்டு கையை உதறினார். "நடுவுல ஒரு வாரம் மட்டும் தகராறு. தலை சுத்தி மாடிப்படியில உக்காந்துட்டேன். கம்பெனிக்காரன் அந்த வாரம் மட்டமான சரக்க அனுப்பிட்டான்."

"எந்த வாரம்?"

"இவ மக வீட்டுக்குப் போயிருந்தப்ப. நல்லவேளை, சொன்ன நாளுக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டா. வந்த மறுநாளே நல்ல சரக்கு வந்திருச்சு."

க்ளெய்ம் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதை நானே உள்ள வச்சிடறேன்" என்று, வீட்டுக்காரம்மா தடுப்பதற்குள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். மற்ற வீடுகளின் சமையலறைக்குள் நுழைவதில் அவருக்கு என்றைக்கும் தயக்கம் இருந்ததில்லை. முன்னறையில் மனிதர்கள் சொல்கிற கதையைச் சமையலறை பெரும்பாலும் மறுத்துவிடும் என்பது அவர் அனுபவம்.

சமையலறை மேடையில் இரண்டு ஸ்பூன்கள் ஒன்றின் குழியில் மற்றொன்று உட்கார்ந்தபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மற்ற ஸ்பூன்கள் எல்லாம் டப்பாவில் இருக்க, இந்த இரண்டு மட்டும் தனியாக. மேலே இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். முதுகு முழுக்கக் கீறல். கைப்பிடி சேரும் இடத்தில் அழுத்தி அழுத்தி வளைந்திருந்தது.

"வீட்டுல சின்னக் குழந்தை யாராவது இருக்காங்களாம்மா?" என்றார் திரும்பாமலே.

"இல்லையே" என்றார் சமையலறை வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா. "பேரன் அவங்க அம்மாகூட இருக்கான். வளந்துட்டான்."

"சரி. நீங்க இந்தத் தண்ணியக் குடிக்கிறதில்லையா?" மேடையின் மறுகோடியில் சாதாரணக் குடத்தின்மேல் ஒரே ஒரு டம்ளர் கவிழ்த்திருந்தது.

"எனக்கு வியாதி இல்லையே" என்றார் அவர், அதே மெல்லிய குரலில். பிறகு அந்த இரண்டு ஸ்பூன்களையும் எடுத்துத் தண்ணீரில் அலசி டப்பாவுக்குள் போட்டார். அவற்றை அப்போது அலச வேண்டிய அவசியமே இல்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றினான். "கேஸ் முடிஞ்சுது அத்தை. முதலாளியேதான்! மேடை ஏத்தறதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்குப் பிரஷர் குறையணும். அவரு பாட்டில்ல மட்டும் மருந்தக் கலந்து அனுப்புறான். மிஷின்ல நம்பர் குறையுது, கூட்டம் கைதட்டுது. விளம்பரத் தொழில்ல இதுக்கு மேல மூளை கிடையாது."

"அருமையா இருக்கு மாப்பிள்ளை. அப்புறம் எதுக்கு அவனே அந்தப் பாட்டிலச் சோதனைக்கு அனுப்பிட்டு, அவனே நம்மளையும் கூப்பிடறான்?"

மாப்பிள்ளை சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"அதோட, அந்த அம்மா மக வீட்டுக்குப் போன வாரம் மட்டும் முதலாளிக்கு மருந்து தீந்துபோச்சா?"

மாப்பிள்ளை மெதுவாக அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஜன்னலில் ஒரு மெலிந்த முகம் தெரிந்து, உடனே விலகியது.

விழா அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு மேஜை, அளக்கும் மிஷின், அதன் எண்ணைப் பெரிதாகக் காட்டும் திரை, பக்கத்தில் மீன் வளர்க்கிற அளவுக்குக் கண்ணாடித் தொட்டி. அதற்கு நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, மடியில் கைப்பை, கைப்பைக்குள் மாத்திரைகள், முகத்தில் பள்ளியில் பரிசு வாங்கப் போகிற பிள்ளையின் மலர்ச்சி. சம்பந்தியைப் பார்த்ததும் கையசைத்தார்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் டிரைவர் அண்ணனின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். க்ளெய்ம் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் சாய்ந்து நின்றான்.

"மாத்திரைய ஒரு ஸ்பூன்ல வச்சு இன்னொரு ஸ்பூனோட முதுகால நசுக்கினாப் பொடியாயிரும்" என்றார் க்ளெய்ம் அம்மா. "என் மகளுக்கு நானும் அப்படித்தான் பண்ணினேன். குழந்தைன்னா தேன்ல குழைச்சுக் குடுக்கலாம். வளந்த ஆளுக்கு எதுல கலக்குறதுங்கறதுதான் சிரமம்."

அந்த அம்மாள் மறுக்கவில்லை. மறுப்பதற்குத் தேவையான தெம்பை எல்லாம் எப்போதோ செலவழித்துவிட்டவர் போல இருந்தார்.

"கையில குடுத்தேன், தட்டிவிட்டாரு. சாப்பாட்டுல கலந்தேன், கண்டுபிடிச்சுத் தட்ட நகத்திட்டாரு. அழுது பாத்தேன். எதுக்கும் மசியல. அப்பத்தான் இந்தத் தண்ணி வந்துச்சு. நீலப் பாட்டில், உள்ள இருக்கிறது தெரியல. ஒருநாள் போட்டுக் குடுத்தேன்." அவர் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "குடிச்சிட்டு, 'ஆஹா, என்னமா வேலை செய்யுது'ன்னாரு. இத்தன வருஷத்துல நான் குடுத்த எதையும் அவர் அப்படிப் புகழ்ந்ததில்ல."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் உயிரோட இருந்தாப் போதும்னுதான் நெனச்சேன் அக்கா. இப்படி ஊரையே கூட்டிக்கிட்டுப் போவாருன்னு நெனைக்கல. மொத மேடையில ஏறினன்னைக்கே எனக்குத் தூக்கம் போச்சு. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா, அப்புறம் என் கையால பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டாரு. மாத்திரை இல்லாம எத்தன நாள் தாங்குவாரு? அந்த ஒரு வாரத்துலயே படியில விழப் பாத்தாரே!"

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்க இருக்கீங்க" என்றான் மாப்பிள்ளை. "எங்கம்மா மொத வரிசையில உக்காந்திருக்காங்க. தனியா இருக்காங்க. நாளைக்குக் காலையில அவங்களுக்குப் பொடி பண்ணிப் போட அந்த வீட்டுல யாரும் இல்லம்மா."

வெளியே கைதட்டல் அலையாக எழுந்தது. மிஷின் காட்டிய எண்ணை முதலாளி உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"நானே மேடையேறிச் சொல்லலாம்" என்றார் க்ளெய்ம் அம்மா. "போட்டிக் கம்பெனிக்காரின்னு சொல்லி இறக்கி விட்டுருவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்களக் கட்டாயப்படுத்த மாட்டேன். வீட்டுக்குப் போய் அவரோட இருக்கப் போறது நீங்கதான்."

அந்த அம்மாள் எழுந்தார். கதவில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை விலகி வழிவிட்டான்.

மேடையில் டிரைவர் அண்ணன் உச்சத்தில் இருந்தார். "இதுல ஒரு துளி மருந்து கிடையாது! என் உடம்புதான் சாட்சி!" என்று நீலப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். வரிசை உருவாகிவிட்டது. முதல் ஆள் போட்ட மாத்திரை அட்டை தொட்டிக்குள் விழுந்த சத்தத்தை மைக் வாங்கி அரங்கம் முழுக்கக் கொடுத்தது. அடுத்தவரும் போட்டார். அதற்கடுத்து நின்ற மாப்பிள்ளையின் அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து, போட்டோ எடுக்க மகன் எங்கே என்று தேடினார்.

"என்னங்க, அந்த மைக்கக் கொஞ்சம் குடுங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். முகம் பூரித்துப்போனது. "பாருங்கய்யா! மேடைன்னா நடுங்குறவ! தண்ணியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்ல அவளே வந்துட்டா!" கூட்டம் ஆரவாரித்தது. அவரே மைக்கை மனைவியின் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.

"அவர் மாத்திரைய விடல" என்றார் அந்த அம்மாள். "தினமும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அவருக்குத் தெரியாது. நான்தான் பொடி பண்ணித் தண்ணியில கலந்து குடுக்கறேன். அந்த மிஷின்ல வர்ற நம்பரு மாத்திரையால வருது. யாரும் மாத்திரையத் தொட்டியில போட்டுடாதீங்க. எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

யாரோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்க ஆள் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டார். முதலாளி பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "அம்மா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க! அதாவது, அவங்க சொல்ல வர்றது..."

"அவங்க சொல்ல வந்தத அவங்களே சொல்லியாச்சு சார்" என்றபடி க்ளெய்ம் அம்மா மேடைக்கு ஏறினார். "நீங்கதான கேட்டீங்க, உங்க தண்ணியில மருந்து கலக்கறது யாருன்னு? சோதனைக்குக் குடுத்து மாத்திரைன்னு தெரிஞ்சுக்கிட்டதும் நீங்கதான? சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன்."

"சத்தமில்லாமன்னு கேட்டீங்க" என்றான் பின்னாலிருந்து மாப்பிள்ளை. "அது மட்டும் முடியல. மன்னிச்சிருங்க."

மைக் இன்னும் முதலாளியின் கையில்தான் இருந்தது. இவர்கள் பேசிய அத்தனையையும் அது அரங்கம் முழுக்கச் சேர்த்துவிட்டது. முதல் வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம். முதலில் அட்டையைப் போட்டவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் முழங்கை வரை விட்டார். அடுத்தவர், "அது என்னுது, அது என்னுது" என்று அவர் தோளைத் தட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா திறந்த கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். மகன் பக்கத்தில் வந்ததும் கோபமாகக் கேட்டார். "மிஷின் பொய் சொல்லாதுன்னாங்களேடா?"

"மிஷின் பொய் சொல்லலம்மா. மாத்திரை வேலை செய்யுதுன்னுதான் இத்தன நாளாச் சொல்லிக்கிட்டிருந்திருக்கு."

அவர் ஜிப்பை இழுத்து மூடினார். இரண்டு கையாலும் பையை மாரோடு அணைத்துக்கொண்டார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். மாமியார் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும், "அரங்கத்துல தூசி அத்தை" என்றான்.

மேடையில் டிரைவர் அண்ணன் மட்டும் அசையவே இல்லை. அத்தனை பெரிய உடம்பு சட்டென்று இஸ்திரிச் சட்டைக்குள் சுருங்கிப்போனது போல இருந்தது. கீழே எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளா?" என்றார் மனைவியிடம்.

"மொத பாட்டில்லேருந்து."

"மக வீட்டுக்குப் போனப்ப?"

"அதான் பாதியிலயே ஓடி வந்துட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் ஓரடி பின்வாங்கினார். அடுத்து வரப்போகும் வார்த்தை எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். க்ளெய்ம் அம்மா மேடை ஓரத்திலேயே நின்றுவிட்டார். எத்தனையோ பேரின் பொய்யை உடைத்திருக்கிறார். ஒரு பொய் உடைந்ததற்காக இப்படிப் பயந்ததில்லை.

அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். பிறகு வலது கையை விரித்து, அத்தனை பேர் முன்னாலும், மனைவியை நோக்கி நீட்டினார்.

"குடு" என்றார். "இன்னிக்குப் போட வேண்டிய மாத்திரையக் குடு. எல்லாரும் பாக்கட்டும். என் கையாலயே போட்டுக்கிறேன்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் திரண்டிருந்தது. நீட்டிய கையை மெல்ல மடக்கிவிட்டார்.

"காலையிலயே குடிச்சிட்டீங்க" என்றார்.